கோபுரத்துக்கு மட்டுமா பெரிய கேமரா?

கட்டடம் பின்பக்கம் சாய்ந்து தெரிந்தால் போனிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம், பெரிய ஃபிலிம் கேமரா இனி ஷோகேஸுக்குத்தான் என்ற பேச்சு இன்று புகைப்படக்காரர்களிடையே சகஜமாகிவிட்டது. பாதி உண்மை. மென்பொருள் நிமிர்த்தும்போது படத்தின் மேல்பகுதியை இழுத்து விரிக்கிறது. இழுத்த இடத்தில் நுணுக்கம் நீர்த்துப்போகும். பெரிய கேமராவில் ஃபிலிமைச் சுவருக்கு இணையாக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் போதும். எடுக்கும்போதே தூண்கள் நேராக நிற்கும்.

பெரிய கேமரா தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு வெகு முன்பே வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றினார். அவருடையது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். நீல ஒளிக்கே அதிகம் வசப்படும் அந்தக் காகிதத்தில் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும் என்பதால் மேகங்களைக் கையாலேயே தீட்டினார்! ஆனால் கல்லில் கைவைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். இராசராசனின் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் படித்துப் பதிப்பித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். படிக்கத் தெரியாத எழுத்துக்கு இவ்வளவு மரியாதை தந்த படக்காரர் இங்கே வேறு யார்? 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யனுக்கோ இது வீண் செலவாகப் பட்டது. வேலை நின்றது, டிரைப்பும் கேமராவை ஓரங்கட்டிவிட்டார்.

பிறகு வந்ததில் பெரும்பகுதி கூறியது கூறல். 1860களின் இறுதியில் புகைப்படக்காரர் லயன், பின்னாளில் வீலே அண்ட் க்ளைன் போன்ற சென்னை ஸ்டுடியோக்கள்: அதே பிராகாரம், அதே தெப்பக்குளம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் அருமையான படத்தொகுப்பும் பெரும்பாலும் கோயிலையே சுற்றியது. பெரிய கேமரா என்றால் பழைய கல் என்பது எழுதாத சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தை ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெஷர் தம்பதி உடைத்தார்கள். 1959 முதல் நீர்த்தொட்டி, சுரங்கக் கோபுரம், எரிவாயுக் கலன் என்று யாரும் திரும்பிப் பாராதவற்றை மேகமூட்டத்தில் நேருக்கு நேர் எடுத்து வரிசையாக அடுக்கினார்கள். 1990இல் வெனிஸ் பியனாலே அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தது.

பின்னலாடை நகரமான திருப்பூரின் தொழிற்கட்டடங்களை எடுக்க அப்படி யார் வந்தார்கள்? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பத்திரிகைகளுக்கு நொய்யல் ஆற்றின் நிறம்தான் படமானது. பட்டறையின் கூரையோ, தொட்டியோ, புகைபோக்கியோ அல்ல. வேலம்பாளையத்தில் கீழே குடித்தனம், மேலே பவர் டேபிள் தையல், அதற்கும் மேலே தகரக் கொட்டகை என்று வளரும் கட்டடங்களுக்கு வரைபடத்தைத் தவிர வேறு பதிவு இருக்குமா என்பதே சந்தேகம். அடுத்த ஆர்டர் வந்தால் ஒரு தளம் ஏறும். வராவிட்டால் வாடகைப் பலகை தொங்கும். மாறிக்கொண்டே இருப்பதால்தான் நுணுக்கமான பதிவு வேண்டும்.

சந்து குறுகல், பின்வாங்க இடமில்லை. அகலக் கோண லென்ஸும் எதிர் மாடியும் தேவைப்படும். ஆடி மாத மேகமூட்டம் பெஷர்கள் கேட்ட வெளிச்சத்தையே தரும், ஆனால் ஆடிக்காற்று கேமராவின் துருத்தியை ஆட்டிவிடும். டெம்போக்கள் ஓயும் ஞாயிறு காலையில், காற்று எழும் முன்பே படத்தை முடிக்க வேண்டியிருக்கும்.