பாரில் வைக்கும் கூடு

பவளப் பார் கிடக்கும் கடலில் இழுவைமடி ஓடாது. கல்லில் மாட்டிக் கிழிந்துவிடும். மீன் பிடிக்கும் கூடு அப்படியல்ல. கல்லிடுக்கிலோ மணல் திட்டிலோ வைத்துவிட்டு வந்துவிடலாம். இரைக்காகவோ ஒதுங்கவோ நுழையும் மீனுக்கு, உள்நோக்கிக் குறுகும் வாய்வழியே வெளியேறுவது எளிதல்ல. கீழக்கரை, மண்டபம் பக்கமானாலும் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியானாலும் கூட்டின் வேலை இதுதான். விளைமீன், களவா, ஓரா எல்லாம் உயிரோடு ஏறும். எரிபொருள் செலவும் குறைவு. பல நாள் விட்டுவைத்தால் மட்டும் மீன் பெருகிவிடாது. ஒரு கட்டத்துக்குப் பின் நுழைகிற அளவுக்குத் தப்பிக்கவும் செய்யும்.

ஒரே கூடுதான், வாய்த்த கடல் வேறு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பார்களும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கூடு வைக்கத் தோதான இடமே சட்டம் தடுக்கிற இடமாகிவிட்டது. வனத்துறையின் கோபத்தில் நியாயமும் உண்டு: கூடு நகராமலிருக்கப் பவளக் கல்லைப் பெயர்த்து மேலே பாரம் வைக்கும் வழக்கம் இங்கே இருந்தது. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் நாட்டுப்படகில் போகும் கூட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பது ஓர் ஆறுதல்.

இலங்கையின் வடக்கில் 2009 வரை போரே கடலுக்குப் போகும் நேரத்தையும் தூரத்தையும் தீர்மானித்தது. 2017இல் அந்நாடு கடலடி இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் எல்லை தாண்டும் தமிழகப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துப் போவதாக வடபகுதிக் கடற்றொழிலாளர் சொல்லாத ஆண்டில்லை. கடலில் விட்டுவிட்டு வரும் எந்தக் கருவிக்கும் அந்தப் பயம் உண்டு. கூட்டின் பலனைக் கிலோவில் மட்டும் அளப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கூட்டை முழுக்கப் புகழவும் எனக்கு மனமில்லை. கூட்டுப் பின்னலின் கண் சிறுத்தால் குஞ்சும் மாட்டும். ஓராவும் கிளிமீனும் பாரில் படரும் பாசியை மேய்பவை. 1998, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்த பார்களில் அவற்றை அள்ளிவிட்டால், புதுப் பவளம் ஒட்ட வேண்டிய இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பழைய கூடு குச்சியும் பனைநாருமாக இருந்தது. தொலைந்தால் மக்கி, மீனை விட்டுவிடும். இன்றைய கம்பியும் நைலானும் ஆளில்லாமலே நெடுநாள் மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

ஃபுளோரிடாவில் மரத்தால் ஆகாத சிங்கிறால் கூடுகளுக்கு மக்கிப்போகும் பலகை ஒன்று சட்டப்படி கட்டாயம். இரு கரை மீன்வளத் துறைகளும் அதையே செய்யலாம்: கூட்டின் ஒரு பக்கத்தையாவது பனைநாரால் கட்டச் சொல்லுங்கள், கண்ணின் அளவை நிர்ணயம் செய்யுங்கள்.