ஒரே கட்டு, மூன்று கைகள்

2006 செப்டம்பர் 25 அன்று 'பேட்டன் கைடோஸ் ஆரிஜின்ஸ்' வட அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, அது ஓடவேண்டிய கேம்க்யூபின் காலம் முடிந்துகொண்டிருந்தது. எட்டு வாரம்கூட ஆகவில்லை, நின்டெண்டோவின் அடுத்த இயந்திரமான வீ விற்பனைக்கு வந்துவிட்டது. ஜப்பானில் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே வெளியான இந்த ஆட்டம் ஐரோப்பாவை அன்று எட்டவே இல்லை. புது இயந்திரத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் பழைய இயந்திரத்துக்கு வந்த நீண்ட ஆட்டமொன்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சீட்டுகளை வைத்துச் சண்டையிடும் கற்பனை உலக ஆட்டங்களில் இதைவிடக் கூர்மையாகச் செதுக்கப்பட்ட சண்டை முறை மிக அரிது. அது கவனிக்கப்படாமல் போனது உண்மையான இழப்பு.

இதற்கு முந்தைய ஆட்டம் 2003 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. பிற்காலத்தில் 'ஜெனோபிளேட்' வரிசையால் பேர் வாங்கிய மொனோலித் சாஃப்டும், ட்ரை-கிரெசெண்டோ என்ற சிறிய நிறுவனமும் சேர்ந்து அதை உருவாக்கின. கதை எழுதியவர் 'க்ரோனோ கிராஸ்' புகழ் மசாட்டோ காட்டோ. கடலே இல்லாத உலகம். மேகங்களுக்கு மேல் மிதக்கும் தீவுகள். முதுகில் சிறகு முளைத்த மனிதர்கள். அங்கே எல்லாப் பொருளின் சாரத்தையும் 'மேக்னஸ்' என்ற சீட்டுக்குள் அடைத்துவிடலாம். வாள், வாழைப்பழம், தீப்பந்து எல்லாமே சீட்டுதான்.

அந்த முதல் ஆட்டத்தின் அழகே அதன் அபரிமிதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் எண்கள். அவற்றை ஜோடி சேர்த்தால் அடியின் வலு கூடும். காலம் போகப்போகச் சில சீட்டுகள் வேறொன்றாக மாறும். ஷாம்பு சீட்டு ஒன்று உண்டு. அது பளபளக்கும் கூந்தலாக மாற ஆட்டத்தின் கடிகாரத்தில் 336 மணி நேரம், அதாவது முழுதாக இரண்டு வாரம், ஓடியாக வேண்டும். இப்படி ஒரு யோசனையை ஆட்டத்துக்குள் வைக்கத் துணிந்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் சண்டை மந்தமாக நகர்ந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிச் சீட்டுக்கட்டு, அடிக்க ஒரு சுற்று, எதிரி அடிக்கும்போது தடுக்க இன்னொரு சுற்று என்று சாதாரண மோதல்கள்கூட நீண்டுகொண்டே போயின.

இரண்டாவது ஆட்டத்தையும் இயக்கியவர் யசுயுகி ஹொன்னே. கதைப் பொறுப்பு நொரிஹிகோ யொனேசாகாவிடம் போனது. தொடர்ச்சி என்றால் முன்னதைவிட எல்லாவற்றையும் பெரிதாக்குவது விளையாட்டுத் துறையின் பழக்கம். இவர்கள் கழித்தலில் இறங்கினார்கள். பாத்திரங்கள் மூவர் மட்டும்: சாகி, மில்லி, பேசும் பொம்மையான கில்லோ. தடுக்கும் சுற்று அடியோடு போயிற்று. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டுக்கட்டு.

அந்த ஒரே கட்டுதான் ஆட்டத்தின் மேதைமை.

சீட்டுகளுக்கு எண் உண்டு. ஆயுதமும் கவசமும் பூஜ்யம். இலேசான அடி ஒன்று, நடுத்தர அடி இரண்டு, பலத்த அடி மூன்று, அதற்கு மேலே தனித்திறன் அடிகள். எப்போதும் ஏறுவரிசையில்தான் இறக்க வேண்டும். வாளை இறக்கினால் அது கைக்கு வரும். அதன் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினால் வாளின் தன்மை ஒவ்வொரு அடியிலும் ஏறும். அடிக்க அடிக்க மூவருக்கும் பொதுவான ஒரு சக்திப் பட்டை நிறையும். அது போதிய அளவு நிறைந்திருந்தால்தான் தனித்திறன் அடி செல்லும். குறிப்பிட்ட சீட்டுகள் குறிப்பிட்ட வரிசையில் விழுந்தால் கூடுதலாக ஒரு சிறப்பு அடியும் பிறக்கும்.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு வரிசை சேர்க்கும் இந்தச் சுகம் புதிதல்ல. ஆனால் ரம்மியில் யோசிக்க அவகாசம் உண்டு. இங்கே முதல் அடியின் வாள்வீச்சு திரையில் முடிவதற்குள் அடுத்த சீட்டை எடுத்திருக்க வேண்டும். தயங்கினால் வரிசை அறுந்துவிடும். ஒருவரின் அடிகள் முடியும்போது அடுத்தவரின் முறையும் தயாராகக் காத்திருந்தால், இடைவெளி விடாமல் சீட்டை இறக்கி அடியை அவர் கைக்கு மாற்றலாம். சாகி வாளைச் சுழற்றி முடிக்கும் இடத்திலிருந்து மில்லி தன் தண்டாயுதத்தோடு பாய்வாள். அவள் விட்ட இடத்தில் கில்லோ தீயையோ பனியையோ கொட்டும். நன்றாக ஆடுபவரின் கையில் இந்த மூன்று பேரும் ஒரே மூச்சில் அடிப்பார்கள். முதலில் தட்டுத்தடுமாறும் விரல்கள் சில மணி நேரத்தில் தாளம் பிடித்துவிடுகின்றன. சண்டை சலிப்பதே இல்லை. நீண்ட கதையாட்டங்களில் இதைச் சாதித்தவை கொஞ்சம்தான்.

பொதுக்கட்டால் இன்னொரு சிக்கலும் வருகிறது. இலேசான அடி, பலத்த அடி போன்ற சீட்டுகள் எல்லோருக்கும் உதவும். தனித்திறன் அடிகளோ அவரவருக்கே உரியவை. கையில் இருப்பதெல்லாம் கில்லோவின் பேரடிகள், முறையோ மில்லியுடையது என்றால் அவள் வெறுங்கையோடு நிற்பதற்குச் சமம். ஆகவே கட்டைச் சேர்க்கும் வேலையே ஒரு தனிக் கலையாகிறது. ஆசைப்பட்டு வலிமையான சீட்டுகளை அடைத்தால் அவற்றுக்கு ஏறிப்போகப் படிகள் இல்லாமல் போகும். எளிய ஒன்றும் இரண்டும்தான் பெரிய அடிகளுக்கு வழி திறக்கின்றன. எதிரி மாறும்போதெல்லாம் எந்தச் சீட்டைச் சேர்ப்பது, எதை வெளியே எடுப்பது என்று மெனுவுக்குள் உட்கார்ந்து செலவிடும் நேரம் வீண் நேரமல்ல. சண்டையில் பாதி அங்கேயே நடந்துவிடுகிறது.

சண்டைக்கு வெளியேயும் சீட்டுதான் உலகத்தைத் திறக்கும் சாவி. வெற்று மேக்னஸ் ஒன்றை நீட்டி ஊற்றின் நீரையோ அடுப்பின் தீயையோ அதற்குள் வாங்கிக்கொள்ளலாம். ஊர்மக்களின் தேவைகளை அவற்றைக் கொண்டு தீர்த்துவைக்கலாம். இவற்றைச் சுமந்து நடக்கும் வரை பாத்திரங்களின் தாக்கும் வலுவும் தாங்கும் திறனும் ஏறி இறங்கும் என்பது இரண்டாம் ஆட்டம் சேர்த்த நுட்பம். எதைச் சுமப்பது என்பதே ஒரு தீர்மானமாகிவிடுகிறது. நாம்கோவின் பேக்-மேனும் இங்கே ஒரு சீட்டாக வருகிறான். சேகரித்த சீட்டுகளையெல்லாம் அவனுக்கு ஊட்டி வயிற்றை நிரப்புவது ஒரு பக்கக் கதை. துயரம் கனக்கும் ஒரு காவியத்தின் நடுவே இந்தக் குழந்தைத்தனம் வெகு இயல்பாகப் பொருந்துகிறது.

கதை முதல் ஆட்டத்துக்கு இருபது ஆண்டுகள் முந்தையது. ஆல்ஃபார்ட் பேரரசின் இரகசியப் படையில் இருக்கும் சாகி என்ற இளைஞன், பேரரசரைக் கொல்லும்படி அனுப்பப்படுகிறான். போய்ச் சேரும்போது பேரரசர் ஏற்கெனவே பிணமாகக் கிடக்கிறார். பழி சாகி மேல் விழுகிறது. தப்பியோடும் வழியில் மில்லியார்ட் என்ற மில்லி சேர்ந்துகொள்கிறாள். மனிதரின் சிறகுகளைக் களைந்துவிட்டு இயந்திரங்களால் உலகை ஆளலாம் என்று நம்பும் பேல்ஹைட் இன்னொரு பக்கம் எழுகிறான். இடையிடையே சாகி ஆயிரம் ஆண்டு பழைய ஓர் உலகத்துக்குள் விழுகிறான். அங்கே எல்லோரும் அவனை வேறு பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

விளையாடுபவருக்கும் இதில் பாத்திரம் உண்டு. சாகிக்குள் குடியிருக்கும் காவல் ஆவி அவர்தான். தொடக்கத்திலேயே ஆட்டம் அவர் பெயரைக் கேட்டுக்கொள்கிறது; சாகி அவரிடம் அபிப்பிராயம் கேட்கிறான், திரையைப் பார்த்துப் பேசுகிறான். முதல் ஆட்டத்திலும் இந்த ஏற்பாடு இருந்தது. இரண்டாவது, அந்த ஆவி யார் என்ற கேள்வியைக் கதையின் மையத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. அதன் விடையை இங்கே உடைப்பது ஆடப்போகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

சகுராபாவின் இசையைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டோய் சகுராபா புரோகிரசிவ் ராக் குழுவில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவர். 'டேல்ஸ்', 'டார்க் சோல்ஸ்' வரிசைகளுக்கும் இசையமைத்தவர். அவருடைய சண்டை இசை விரல்களின் வேகத்தை முன்னால் நின்று இழுக்கிறது.

குறைகள் உண்டு. முதல் ஆட்டத்தின் தீவுகள் பலவும் அதே ஓவியப் பின்னணிகளோடு திரும்புகின்றன. போன வழியிலேயே மறுபடி மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் வரும் சில பெரிய சண்டைகள், கட்டும் சீட்டும் இன்னும் தேறாத நிலையில், ஈவிரக்கமில்லாமல் அடிக்கின்றன. அங்கேயே பலர் கைவிட்டிருப்பார்கள்.

2023 செப்டம்பரில் இரண்டு ஆட்டங்களும் மெருகேற்றப்பட்டு ஸ்விட்சுக்கு வந்தன. ஐரோப்பியர்களுக்கு இரண்டாவது ஆட்டம் பதினேழு ஆண்டு தாமதத்தில் முதன்முறையாகக் கிடைத்தது. வேகத்தைக் கூட்டும் வசதி, எதிரிகளே எதிர்ப்படாமல் நடக்கும் வசதி, ஒரே அடியில் எதிரியை வீழ்த்தும் வசதி எல்லாம் உண்டு. நடைப்பயணங்களுக்கு வேகம் நல்லது. ஒரே அடி வசதியைத் தொடவே கூடாது, அது ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிடும். வருத்தம் ஒன்றுதான்: புதிய பதிப்பில் ஜப்பானிய ஒலி மட்டுமே இருக்கிறது. பழைய ஆங்கிலப் பதிப்பில் பொம்மை கில்லோவுக்கு ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அதன் ஏளனமும் பாசமும் அந்த இரட்டைக் குரலில்தான் முழுதாக வெளிப்பட்டன.

எதை முதலில் ஆடுவது என்று கேட்பவர்களுக்கு: கதையின் காலவரிசையைப் பார்க்காமல், வெளிவந்த வரிசையிலேயே ஆடலாம். முதல் ஆட்டத்தில் பேரரசனாக வந்து உலகை நடுங்கவைக்கும் கெல்டோப்ளேம், இரண்டாவதில் பேல்ஹைட்டின் பின்னால் குழைந்து திரியும் ஒரு கோழை. அந்த ஆளின் பின்னாளைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அவன் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் கனம் கூடுகிறது.