வேரும் கிளையும்: ரபி சல்மன் ஷக்டர்-ஷாலோமியின் சமய வாழ்வு

சமயப் பெரியாரின் வாழ்க்கையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரு நெறிகளுள் ஒன்றிற் சென்றுவிடுகின்றனர். ஒரு சாரார் அவர்தம் புகழையே பாடி அமைவர். மற்றொரு சாரார் அவர் முன்னோர் நெறியினின்றும் எத்துணைத் தூரம் விலகினார் என அளந்து குறைகூறி அமைவர். இவ்விரண்டும் திறனாய்வாகா. ஒருவர் தாம் பெற்றதைக் கொண்டு யாது செய்தார், பிறரிடமிருந்து கொண்டதை எங்ஙனம் தமதாக்கினார், பின்வருவோர்க்கு எதனை விட்டுச் சென்றார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே திறனாய்வின் பணியாகும். யூத சமய ஆசானாய், அஃதாவது ரபியாய், விளங்கிக் கீழைத்தேச ஞான மரபுகளோடு நெருங்கிப் பழகிய சல்மன் ஷக்டர்-ஷாலோமியின் வாழ்வை அவ்வினாக்களைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் எட்வேட் ஹொவ்மனுடன் இணைந்து 2012இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் இம்முயற்சிக்கு உறுதுணையாகின்றது.

சல்மன் 1924இல் அக்காலப் போலந்து நாட்டைச் சார்ந்த சோல்கியேவ் என்னும் ஊரிற் பிறந்து, வியன்னா மாநகரில் வளர்ந்தவர். மரபுவழி வேதக் கல்வியும் புதுமைக் கல்வியும் அவருக்கு ஒருங்கே வாய்த்தன. 1938இல் ஒஸ்திரியா நாசிகள் வசமாகவே, அவர் குடும்பம் பெல்ஜியத்துக்கு ஓடிற்று. பின்னர்ப் பிரான்சில் தடுப்பு முகாமிலும் அவர் வைக்கப்பட்டார். 1941இல் நியூயோர்க் சேர்ந்து, ஹசிதிய மரபின் ஒரு கிளையாகிய லுபாவிச் குருகுலத்திற் பயின்று, 1947இல் ரபியாக அருட்பட்டம் பெற்றார். பின்னாளில், கொலைத்தொழிலைச் சுட்டும் 'ஷக்டர்' என்னுங் குடிப்பெயரோடு, சாந்தியைச் சுட்டும் 'ஷாலோமி' என்பதனையும் தாமே சேர்த்துக்கொண்டார். தம் மக்கள் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்ட காலத்தில் உயிர் தப்பிய ஒருவர் இங்ஙனம் பெயர் சூடிக்கொண்டமை அவர் உள்ளப் போக்கை உணர்த்தவல்லது.

இவர் வாழ்வின் திருப்புமுனை பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 1950களின் நடுப்பகுதியில் ஆங்கு பட்டமேற்படிப்புக்குச் சென்ற சல்மன், அதிகாலையிற் பிரார்த்தனை செய்ய இடம் தேடினார். பெரிய தேவாலயத்திற் சிலுவை இருந்தமையால் அவர் உள்ளம் கூசிற்று. அதனைக் கண்ட கறுப்பினத்தவர் ஒருவர், கீழேயுள்ள சிறிய ஆலயத்தைப் பயன்படுத்தலாமே என்றார். மறுநாட் சென்றபோது, ஆங்கிருந்த சிலுவை ஒருபுறம் ஒதுக்கப்பட்டிருந்தது. வேதநூல் 139ஆம் சங்கீதத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பணியாளர் எனத் தாம் எண்ணிய அம்மனிதரே தேவாலயத்தின் தலைவராகிய ஹவார்ட் தேர்மன் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. தேர்மனிடம் பாடங் கேட்டால் தம் சமய நங்கூரம் அறுந்துவிடுமோ என்று சல்மன் அஞ்சினார். இறைவனின் தூய ஆவியில் நம்பிக்கை இல்லையோ என்று எதிர்வினா விடுத்தார் தேர்மன். அவ்வச்சமும் அவ்வினாவுமே இவ்வாழ்க்கை வரலாற்றின் உயிர்நிலை என்பது எமது துணிபு. அச்சமின்றிப் பிற சமயத்துட் புகுபவனுக்கு இழப்பதற்கு யாதும் இல்லை. இழப்பதற்கு ஒன்று உடையவனே அஞ்சுவான்.

இனி, சல்மன் கீழைத்தேச மரபுகளிலிருந்து கொண்டவை எவை என நோக்குவாம். முதலாவது, சாதனை முறை. தியானம், மௌனம், இறைநாமத்தை இசையோடு மீட்டும் மீட்டும் ஓதுதல் ஆகியவற்றை யூத வழிபாட்டில் அவர் வற்புறுத்தினார். ஆயினும் இவை முற்றிலும் இரவற் பொருள்களல்ல. லுபாவிச் மரபில் உள்ளூன்றிச் சிந்திக்கும் தியான நெறியும் சொல்லில்லாத இராகங்களைப் பாடும் வழக்கும் முன்னரே உள்ளன. மறக்கப்பட்ட தன் வீட்டுப் பொருளை அயலான் வீட்டு விளக்கொளியில் அவர் கண்டெடுத்தார் என்பதே பொருந்தும்.

இரண்டாவது, தீட்சை. இந்தியரான இனாயத்கான் மேலைநாட்டில் நிறுவிய சூபி மரபில் 1970களில் இவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். வைதிக யூதர் பலருக்கு இஃது ஏற்புடைத்தன்று. எனினும், பேரறிஞர் மைமோனிதிசின் மைந்தரும் எகிப்திய யூதரின் தலைவராய் விளங்கி 1237இல் மறைந்தவருமான ஆபிரகாம், சூபிகளின் ஒழுக்கத்தை மெச்சி, அதனைத் தம்மவர்க்கு எடுத்துக்காட்டினார் என்பது வரலாறு. ஆதலின் சல்மன் புதுவழி வெட்டினார் என்பதிலும், தூர்ந்துபோன பழைய வழியொன்றைத் திறந்தார் என்பதே நேரிது.

மூன்றாவது, தத்துவ நோக்கு. உலகம் ஓர் உடலாயின் சமயங்கள் அதன் உறுப்புகள் என்றார் அவர். இதயம் ஈரலாக மாற முயலின் உடல் கெடும். இதயம் தன்னை மட்டும் பேணினும் உடல் கெடும். இவ்வுவமையைக் கருத்தூன்றி நோக்கின், எல்லாச் சமயங்களையுங் கரைத்து ஒன்றாக்கும் எண்ணம் அவரிடம் இருந்ததில்லை என்பது புலனாகும்.

1990இல் தர்மசாலாவில் தலாய் லாமாவை யூதர் குழுவொன்று சந்தித்தது. அந்நிகழ்ச்சியை றொட்ஜர் கமெனெற்ஸ் 1994இல் நூலாக வெளியிட்டார். நாடிழந்த மக்கள் தம் சமயத்தை நெடுங்காலம் காத்த மறைபொருளை அறிய விழைந்தார் தலாய் லாமா. சல்மனோ, செயல், உணர்வு, அறிவு, இருப்பு என்னும் நான்கு உலகங்கள் பற்றிய கபாலாக் கொள்கையையும், தேவதூதர் பற்றிய யூதக் கருத்துக்களையும் எடுத்துரைத்தார். கீழைத்தேசத்துக்குக் கொள்ளவே சென்றவர் என்று பழிக்கப்பட்ட ஒருவர், ஆங்கு கொடுப்பவராய் நின்றார். தன்னிடம் சரக்கு உள்ளவனே சந்தைக்கு விற்கவும் வாங்கவும் போகலாம்.

குறைகளையும் மறைத்தற்கில்லை. 1962இல் திமதி லியறியின் துணையோடு எல்.எஸ்.டி. என்னும் மருந்தை உட்கொண்டு பெற்ற அநுபவத்தை அவர் உயர்த்திப் பேசினார். ஆண்டுக்கணக்காக நோன்பும் செபமும் இயற்றிய ஒருவருக்கு அது முன்னறிந்ததை உறுதிப்படுத்தியிருக்கலாம். அப்பயிற்சி இல்லாதானுக்கு அது வெறும் மயக்கமாய் முடிதல் கூடும். இவ்வேறுபாட்டை அவர் வேண்டுமளவு வலியுறுத்தவில்லை என்பது எமது குறை. லுபாவிச் இயக்கத்தோடு அவருக்கிருந்த தொடர்பு அறுந்தமைக்கும் இத்தகைய பேச்சுக் காரணமாயிற்று.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. இவரால் தோன்றிய 'யூதப் புதுப்பிப்பு' இயக்கம் மகளிர்க்கும் ரபிப் பட்டம் வழங்கிற்று. வழிபாட்டிலே தளர்ந்திருந்த பலரைத் திரும்ப அழைத்தது. வானவில் வண்ணங் கொண்ட பிரார்த்தனைச் சால்வையும் அவர் வகுத்ததே. ஆனால் சல்மனிடம் எபிரேயமும் தல்மூத்தும் ஹசிதியக் கதைகளும் இளமையிலேயே ஊறியிருந்தன. அவர் மாணாக்கருட் பலர் அவ்வேரின்றிக் கிளையை மட்டுமே கையேற்றனர். மொழி கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர்: தாய்மொழியில் ஊறியவன் பிறமொழிச் சொல்லை எடுத்தாளின் அது அணியாகும், எம்மொழியிலும் ஊறாதவன் எடுத்தாளின் அது குழப்பமாகும். மாணாக்கர் புறத்தே காண்பது எடுத்தாட்சியை, காணாதது ஊற்றத்தை.

இவ்விடரை அவரும் உணர்ந்தாரென்றே கொள்ளல் வேண்டும். யூதப் பிரார்த்தனையை உள்ளத்தோடு ஓதும் முறையைக் கற்பிக்கும் நூலை அவர் முதுமையில் வெளியிட்டமையும், ஹசிதியக் குருமாரின் போதனைகளை விளக்கி எழுதியமையும் அதற்குச் சான்று. தீபெத்தியர் ஒருவர் நிறுவிய நரோப்பாக் கல்விநிலையத்தில் 1995 முதல் 2004 வரை உலக ஞானப் பீடத்தை அலங்கரித்தபோதும், அவர் ஆங்கு ரபியாகவே அமர்ந்திருந்தார்.

2014 யூலை 3ஆந் திகதி பௌல்டர் நகரில் அவர் மறைந்தார். அவர் வாழ்வு வெற்றியா தோல்வியா என்பதனை அவர் சொற்கள் தீர்மானிக்கமாட்டா. அவர் மாணாக்கரின் மாணாக்கர் எபிரேய வேதத்தைத் திறந்து படிக்கின்றனரா என்பதே தீர்மானிக்கும். பிற சமயத்தை நாடுவோர் யாவரும் தேர்மன் முன் நின்ற அவ்விளைஞனின் அச்சத்தையும் உடன்கொண்டு செல்வாராயின், அவர் நாட்டம் வீண்போகாது.