வரிகளுக்கு நடுவே

வரிகளுக்கு எவ்வளவு இடம் என்று சொல்லும் ‘லைன்-ஹைட்’, வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கு 1996 டிசம்பரில் வந்த முதல் பரிந்துரையிலேயே உண்டு. நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் மெனக்கெடுகிறவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. தமிழுக்கோ அழகு இங்கேதான் தொடங்குகிறது. ‘கூ’வும் ‘மூ’வும் வரிக்குக் கீழே இறங்கும், ‘கீ’யின் மேற்சுழியும் ‘க்’கின் புள்ளியும் மேலே ஏறும். வரிகள் நெருங்கினால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியை விழுங்கிவிடும். மெய்யா உயிர்மெய்யா என்று கண் தடுமாறும். ஆங்கிலத்துக்கு எழுத்தளவின் 1.4 மடங்கு போதுமென்றால் தமிழுக்கு 1.7 கொடுக்கலாம் என்பேன்.

கைப்பேசித் திரையில் இடம் வீணாகிறதே என்பார்கள். உண்மைதான், விரலால் இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்கும். படித்த வரியையே மறுபடி படிப்பதைவிட அது லேசான வேலை. அளவைக் குறிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உடற்பகுதிக்கு 27 பிக்சல் என்று கட்டிவிட்டால், உள்ளே வரும் 32 பிக்சல் தலைப்பும் அதே 27ஐ வாங்கிக்கொள்ளும். தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அலகில்லாமல் வெறும் 1.7 என்று எழுதுங்கள்: 16 பிக்சல் எழுத்துக்கு 27.2, தலைப்புக்கு 54.4 என்று அதுவே பெருக்கிக்கொள்ளும்.