புதைத்து வைத்த தாலந்து: ஹாப்கின்சின் கவிதையும் நாமும்

தாலந்து உவமையை மறையுரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தலைவரின் பணத்தை மண்ணில் புதைத்த ஊழியன் அச்சத்தாலும் சோம்பலாலும் அவ்வாறு செய்தான் என்று அறிவோம். ஆனால் பக்தியினாலும் ஒருவர் தம் தாலந்தைப் புதைத்துவிடக் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஆங்கிலக் கவிஞரும் இயேசு சபைக் குருவுமான ஜெரார்டு மேன்லி ஹாப்கின்சின் (1844-1889) படைப்புகளைப் படிக்கும்போது அந்த எண்ணம் நம்மை விட்டு அகல்வதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற ஹாப்கின்ஸ் 1866இல், பின்னாளில் கர்தினாலாகி 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட நியூமனின் கையால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1868இல் இயேசு சபையில் நுழையுமுன் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். தம் அழைத்தலுக்குக் கவிதை பொருந்தாது என்றும், மேலாளர்கள் விரும்பினாலன்றி இனி எழுதுவதில்லை என்றும் உறுதி பூண்டார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இயேசு சபையினரே என்பதை அறிந்த நமக்கு இம்முடிவு வியப்பளிக்கலாம். அவரைத் தடுத்தவர் வேறெவரும் இலர். முதல் தடை அவருடைய உள்ளத்திலேயே எழுந்தது.

ஏழாண்டுகள் கடந்தன. 1875 டிசம்பரில் டாய்ச்லாண்டு என்னும் கப்பல் தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. பிரஷ்யாவின் சமயச் சட்டங்களால் நாடு துறந்த ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர் அதில் உயிரிழந்தனர். வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் இச்செய்தியால் கலங்கினார். இதைப் பற்றி யாரேனும் கவிதை எழுதினால் நன்று என்று அதிபர் சொன்னார். அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று. முப்பத்தைந்து பத்திகள் கொண்ட நெடுங்கவிதை பிறந்தது. ஊக்கமூட்டும் ஒரு சொல்லின் ஆற்றலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இலக்கிய வரலாற்றில் அரிது.

அக்கவிதையின் ஓசை புதியது. அக்கால ஆங்கில யாப்பு அழுத்தமுள்ள அசைகளையும் அழுத்தமற்ற அசைகளையும் ஓர் ஒழுங்கில் அடுக்கிச் செல்வது. ஹாப்கின்சோ அழுத்தங்களை மட்டுமே கணக்கிட்டார். இடைப்பட்ட அசைகள் கூடலாம், குறையலாம். குழந்தைப் பாடல்களிலும் மக்கள் பேச்சிலும் இவ்வோசை முன்பே இருப்பதாக அவர் கருதினார். இதன் வேர் அவரது இறையியலில் இருந்தது. 1872இல் டன்ஸ் ஸ்கோட்டஸின் நூலைக் கண்டடைந்த அவர், ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய தனித்தன்மை உண்டு என்னும் சிந்தனையில் தம் சொந்த அனுபவத்துக்கு ஆதாரம் கண்டார். படைப்பு ஒவ்வொன்றும் தன் இயல்பை முழுமையாக வெளிப்படுத்துவதே படைத்தவருக்கு அது செலுத்தும் புகழ். 1877இல், குருப்பட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன், காற்றில் நிலைத்துப் பறக்கும் வல்லூறு ஒன்றைப் பாடி, அதை ஆண்டவராகிய கிறிஸ்துவுக்கு உரித்தாக்கினார். பறவைக்கு உரிய அந்த நியதி பாடுகிறவருக்கும் உரியதன்றோ?

எனினும் ஏற்பு கிட்டவில்லை. கப்பற் கவிதையை இயேசு சபையின் மாத இதழே வெளியிட மறுத்தது. 1878இல் அனுப்பிய மற்றொரு கவிதைக்கும் அதே கதி. நெருங்கிய நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ், எவ்வளவு பணம் தந்தாலும் அதை மறுபடி படிக்கமாட்டேன் என்றார். பணத்தைத் தவிர அன்பு என்று ஒன்றும் உண்டே என மென்மையாக நினைவூட்டி விடையெழுதினார் ஹாப்கின்ஸ். அதே ஆண்டில் அவர் செய்த ஒன்று நம்மை நெகிழச் செய்கிறது. தம் பள்ளியில் முன்பு ஆசிரியராக இருந்த ஆங்கிலிக்கன் குருவான டிக்சனின் கவிதைகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, அவற்றின் அருமையைப் பாராட்டித் தாமே முன்வந்து மடல் எழுதினார். ஆதரவற்றவர் இன்னொருவருக்கு ஆதரவானார். டிக்சனும் பின்னர் ஹாப்கின்சின் கவிதைகளைக் கண்டு வியந்து போற்றினார்.

மறுத்தவர்கள் முற்றிலும் தவறினர் என்று நாம் சொல்லமாட்டோம். ஹாப்கின்சின் நடையில் கடுமை உண்டு. இணைப்புச் சொற்களை விடுத்துச் சொற்களை நெருக்கி அடுக்கும்போது பொருள் சில இடங்களில் மூச்சுத் திணறுகிறது. ஆனால் வாசகரே வாய்க்காத கவிஞர் எவரிடமிருந்து தெளிவைக் கற்பார்? கடுமையைக் காரணம் காட்டிக் கதவடைத்தவர்கள் அக்கடுமை வளரவும் ஓரளவு காரணமாயினர்.

1884 முதல் டப்ளினில் கிரேக்கப் பேராசிரியராகப் பணியாற்றினார். குவியல் குவியலாக விடைத்தாள்கள், உடல் நலிவு, தனிமை. அக்காலத்துப் பதினான்கடிப் பாக்களில் திருப்பாடல்களின் புலம்பலைக் கேட்கிறோம். இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன் எழுதியதில், எரேமியா போல் இறைவனோடு வழக்காடுகிறார்: சுற்றிலும் செடிகள் தழைக்கின்றன, பறவைகள் கூடு கட்டுகின்றன, நான் மட்டும் மலடாய் நிற்கிறேனே என்பது அவர் முறையீடு. இறுதியில் தம் வேர்களுக்கு மழை கேட்கிறார். தம்மால் எதையும் படைக்க இயலவில்லை என்று வருந்தும் அக்கவிதையே அவருடைய நிறைவான படைப்புகளுள் ஒன்று. மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது. அதை அவர் அறியவில்லை.

1889 ஜூன் 8 அன்று குடற்காய்ச்சலால் நாற்பத்து நான்காம் வயதில் இறந்தார். அவர் அனுப்பிய கவிதைகளைக் கருத்தாய்ப் பாதுகாத்து வைத்திருந்தவர், முன்பு முகம் சுளித்த பிரிட்ஜஸே. 1918இல் அவர் தொகுத்து வெளியிட்ட நூல் 750 படிகள். அவை விற்றுத் தீரப் பத்தாண்டுகள் ஆயின. இன்றோ ஹாப்கின்சை விட்டுவிட்டு நவீன ஆங்கிலக் கவிதையின் வரலாற்றை எழுத இயலாது.

புகழ் பின்னர் வந்தது என்பதற்காக நாம் ஆறுதல் கொள்ள வேண்டியதில்லை. அது வராமலும் போயிருக்கலாம். நேரிய இலக்கியத் திறனாய்வாளர் கிறிஸ்து ஒருவரே என்று அவர் டிக்சனுக்கு எழுதினார். அந்நம்பிக்கை அவரைத் தாங்கியது உண்மையே. ஆயினும் அதைச் சாக்காக வைத்து நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. நம் பங்கில் பாட்டெழுதும் இளைஞன், மறைக்கல்வி வகுப்பின் ஓரத்தில் படம் வரையும் சிறுமி, ஐம்பது வயதுக்குமேல் எழுதத் தொடங்கும் குடும்பத் தலைவி ஆகியோர் நம்மிடம் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த அதிபரைப் போல் ஒரு சொல் சொல்லப் போகிறோமா, அல்லது கதவடைத்த இதழைப்போல் இருக்கப் போகிறோமா? நம்முள்ளும் புதைந்து கிடப்பது எது என்று தோண்டிப் பார்ப்போம். தலைவர் திரும்பி வரும்போது கணக்குக் கேட்பார்.