தேடும் கண்ணும் ஓடும் கடிகாரமும்

அச்சேறிய நூலோடு விமர்சனத்தின் எல்லை முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. மக்களின் ஓய்வு நேரத்தை எது ஆட்கொள்கிறதோ, இளம் உள்ளங்களின் சுவையுணர்வை எது உருவாக்குகிறதோ, அது கலையெனப் பெயர் பெறாவிடினும் விமர்சகனின் கவனத்துக்குரியதே. நாடகமும் சினிமாவும் இவ்வாறுதான் விமர்சனத்தின் எல்லைக்குள் வந்தன. கைத்தொலைபேசியின் சிறு திரையில் நிகழும் விளையாட்டையும் அவ்வாறே நோக்கவேண்டிய காலம் இது.

பாடசாலை விட்டபின் பஸ்ஸுக்குக் காத்திருந்த மாணவர் சிலர் ஒரு தொலைபேசியைச் சூழ்ந்து நின்று சிரிப்பதைக் கண்டோம். அவர்கள் ஆடியது மறைபொருள் தேடும் ஆட்டம். நாமும் சில மாலைகள் அதனை ஆடிப் பார்த்தோம். ஆடாமலே தீர்ப்புக் கூறுவது, படியாத நூலுக்கு மதிப்புரை எழுதுவதை ஒக்கும்.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. ஒரு படம் திரையை நிறைக்கிறது. கீழே, தேடவேண்டிய பொருள்களின் வரிசை: குடை, சாவி, சீப்பு, வாழைப்பழம். மேலே ஒரு கடிகாரம் 60 வினாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. சரியான இடத்தில் விரல் பட்டால் பொருள் மறையும். பிழையான இடத்திற் பட்டால் சில வினாடிகள் பறிக்கப்படும். நேரம் தீர்ந்து தோற்றவன் முன் ஒரு சலுகை வைக்கப்படுகிறது: ஒரு விளம்பரத்தைப் பார்த்து முடித்தால் மேலும் சில வினாடிகள் கிடைக்கும்.

படங்களோ விசித்திரமானவை. மூன்று கால்களிலும் விளையாட்டுச் சப்பாத்து அணிந்த சுறா. தலைக்குப் பதிலாகக் கோப்பிக் கோப்பையைச் சுமந்து நடனமாடும் பெண். முதலைத் தலை கொண்ட குண்டுவீச்சு விமானம். திரலலேரோ திரலலா, பல்லரீனா கப்புச்சினா, பொம்பார்டிரோ குரோகோடிலோ என்பன இவற்றின் பெயர்கள். பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் ஆக்கப்பட்ட இவ்வுருவங்கள், 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிக்ரொக் வழியே உலகெங்கும் பரவின. கையிலிருந்து கைக்குப் பிரதியாகிப் பரவும் இத்தகைய கேலிச் சித்திரங்களை மீம் என்கிறோம். அச்சொல்லை 1976 இல் ஆக்கியவர் உயிரியலாளர் றிச்சர்ட் டோக்கின்ஸ். இவ்வகைப் படங்களுக்கு இரசிகர்களே இட்ட பெயர் 'இத்தாலிய மூளை அழுகல்' என்பது. 'மூளை அழுகல்' என்ற ஆங்கிலத் தொடரை ஒக்ஸ்போர்ட் அகராதியினர் 2024 ஆம் ஆண்டின் சொல்லாகத் தெரிந்திருந்தனர்.

பெயரைக் கேட்டதுமே முகஞ்சுழித்து ஒதுங்குவோர் உளர். அது முற்போக்காளரின் நோக்கு அன்று. பொருளின்மைக்கும் ஒரு கண்ணியமான வரலாறு உண்டு. 1916 இல், முதலாம் உலக யுத்தத்தில் ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தபோது, சூரிச் நகரின் கபரே வோல்டேர் என்ற சிறு அரங்கில் டாடா இயக்கத்தினர் கூடினர். ஜேர்மனியரான ஹூகோ பால், அட்டையாற் செய்த உருளை அங்கியைப் பூண்டு, எந்த மொழிக்கும் உரியதல்லாத ஒலிகளாலான கவிதையை அங்கு ஓதினார். கொலையை நியாயப்படுத்தப் பயன்பட்ட மொழியைத் தாம் பேச மறுப்பதே அவரது எதிர்ப்பாயிற்று. அந்தப் பொருளின்மைக்கு ஓர் இலக்கு இருந்தது.

நம் மாணவரின் சிரிப்பிலும் ஒரு நியாயம் உண்டு. விடைத்தாளின் ஒவ்வொரு வரிக்கும் புள்ளி எண்ணப்படும் பிள்ளைக்கு, புள்ளியும் பொருளும் இல்லாத ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்வது சிறு விடுதலையே. ஆயின் இந்த ஆட்டம் அவ்விடுதலையை ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறித்துக்கொள்கிறது. பரீட்சை மண்டபத்தின் கடிகாரத்தையே அது சுறாவின் தலைக்கு மேல் மாட்டிவைக்கிறது.

தேடிக் காணும் இன்பம் புதியதன்று. பிளெமிஷ் ஓவியர் பீற்றர் புரூகல் 1559 இல் தீட்டிய 'நெதர்லாந்துப் பழமொழிகள்' இன்று பேர்ளின் ஓவியக்கூடத்தில் உள்ளது. ஒரு கிராமக் காட்சிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பழமொழிகளை அவர் மனிதராகவும் செயலாகவும் அமைத்துவைத்தார். கன்று விழுந்து இறந்தபின் கிணற்றை மூடுகிறான் ஒருவன். சுவரில் தலையை மோதுகிறான் வேறொருவன். கவசம் பூண்ட ஒருவன் பூனைக்கு மணி கட்டுகிறான். இதுவும் அபத்தக் காட்சியே. எனினும் இங்கு ஒன்றைக் கண்டுபிடிப்பதென்பது அதனை விளங்கிக்கொள்வதாகும். பூனைக்கு மணி கட்டுவோனைக் கண்டதும், நமது பேச்சிலும் வழங்கும் பழமொழியை எண்ணி நாம் நின்றுவிடுகிறோம். மனித மடமையைப் பற்றிய ஒரு சிந்தனை அங்கே தொடங்குகிறது.

நாம் ஆடிய ஆட்டத்தில் சுறாவின் துடுப்பருகே குடை இருப்பதற்குக் காரணம் எதுவுமில்லை. குடைக்குப் பதிலாகச் சீப்பை வைத்தாலும் படம் மாறாது. எனவே விரைந்து தேட விரும்புவோன் படத்தைப் படமாகப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். விளிம்புகளையும் நிறங்களையும் மட்டும் துருவ வேண்டும். மூன்றாம் மாலை நமது வெற்றிகள் பெருகின. ஆட்டத்தை மூடியபின் எந்தப் படத்தில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தோம். ஒன்றும் நினைவில் இல்லை. பார்ப்பதிற் பயிற்சி தருவதாகத் தோன்றும் இவ்வாட்டம், உண்மையில் பாராதிருக்கவே நம்மைப் பழக்கியிருந்தது.

பாராதிருந்தவை எவை? இரண்டை மட்டும் கூறுவோம்.

மரக்கட்டை உடலும் கையில் தடியும் கொண்ட துங் துங் துங் சாஹூர் என்ற உருவத்தை இத்தாலியப் பூதம் என்றே மாணவர் நம்பியிருந்தனர். அதன் பிறப்பிடம் இந்தோனேசியா. நோன்பு மாதத்தில் விடியுமுன் மக்களை உணவுக்கு எழுப்புவதற்காக, ஊர் இளைஞர் மரத்தாலும் மூங்கிலாலும் ஆன கெந்தொங்கான் முதலிய கொட்டுக்கருவிகளை அடித்துத் தெருக்களிற் செல்வது அங்கே வழக்கம். துங் துங் என்பது அவ்வோசை. சாஹூர் என்பது ஈழத்து முஸ்லிம் மக்கள் ஸஹர் என வழங்கும் அதே உணவு. அயலவனை எழுப்பும் ஒரு மக்கள் வழக்கம், ஆட்டத்திற்கு வந்து சேர்வதற்குள் ஊரும் பேரும் இழந்து தடியேந்திய பேயாயிற்று.

மற்றது முதலை விமானம். அதனோடு தொடக்கத்திற் பரவிய இத்தாலிய ஒலிப்பதிவு, காஸாவிலும் பலஸ்தீனத்திலும் குழந்தைகள் மீது குண்டு வீசும் உயிரியாக அதனைக் கேலிக் குரலில் அறிமுகம் செய்தது. 2023 ஒக்டோபரில் மூண்ட யுத்தத்திற் பிள்ளைகள் உண்மையாகவே மாண்டுகொண்டிருந்த காலத்திற் பிறந்த நகைச்சுவை இது. அதே விமானத்தின் சிறகிற் குடையைத் தேடுகிறான் வேறொரு நாட்டுப் பிள்ளை. அவன் கொடியவன் அல்லன், அம்மொழியை அறியாதவன். விமானம் எங்கே போகிறது என்று கேட்க அவனுக்கு 60 வினாடி போதாது. கேட்டிருந்தால் ஆட்டத்திற் தோற்றிருப்பான்.

கடிகாரத்தின் பொருளாதாரம் இங்குதான் புலப்படுகிறது. நேரத்தை முதலிற் பற்றாக்குறை ஆக்குகிறார்கள். பின்பு அதையே விளம்பரத்துக்கு ஈடாகத் திருப்பித் தருகிறார்கள். ஆடுவோனின் கவனமே விற்பனைப் பண்டம். நின்று நோக்கி வினாவெழுப்பும் கண்ணால் இவ்வியாபாரத்துக்கு இலாபமில்லை. ஆகவே கடிகாரத்தை ஆட்டத்தின் சுவைக்காகச் சேர்த்த அலங்காரமாகக் கொள்வதற்கில்லை. ஆட்டத்தின் உள்ளடக்கமே அதுதான்.

தடை விதிப்பதால் இது தீராது. வகுப்பில் நாம் செய்த ஒன்றை மட்டும் இங்கு குறிப்பிடுவோம். புரூகலின் ஓவியத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினோம், நேரம் குறிக்கவில்லை. தொலைபேசியிற் பழகிய அதே கூரிய கண்களால் மாணவர் நம்மிலும் விரைவாகப் பூனையையும் கிணற்றையும் கண்டுபிடித்தனர். பின்னர் எவரும் கேளாமலே, "ஏன் சேர் இவன் இப்பதான் கிணத்தை மூடுறான்?" என்றான் ஒரு மாணவன். மறுநாள் முதலை விமானத்தின் படத்தை அதனருகே மாட்டி, அது எங்கே குண்டு வீசுகிறது என்று கேட்டோம். அறிந்தவர் இல்லை. விடயத்தைச் சொன்னபோது முதலிற் சிலர் சிரித்தனர். பின்னர் வகுப்பு அமைதியாயிற்று.

மறைந்திருப்பதைத் தேடும் ஆற்றல் நம் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. சமுதாயத்தில் மறைக்கப்பட்டிருப்பவற்றின் மீது அவ்வாற்றலைத் திருப்புவதும், அதற்கு வேண்டிய நேரத்தை அவர்களுக்கு மீட்டுக் கொடுப்பதும் ஆசிரியராகிய நமது கடமை. சுவரில் அவ்விரு படங்களும் இன்னும் அருகருகே தொங்குகின்றன.