பிச்சாவரத்தில் வேரைப் பாருங்கள்

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். பின்னாலேயே நம் ஊர்க்கூட்டமும் போகிறது. கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகிறது. பக்கத்திலேயே பிச்சாவரம்! ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்கே என்ன இருக்கு, தண்ணியும் புதரும்தானே?" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டு எரிச்சலாகித்தான் எழுதுகிறேன்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. துடுப்புப் படகில் போங்கள். குறுகிய வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்: வேர். வாய்க்கால் ஓரத்தில் வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கிறதே, அது சுரபுன்னை. எல்லோர் போட்டோவிலும் இருப்பது இதுதான். ஆனால் அது தோட்டத்துக்குப் போட்ட வேலி மாதிரி, கரையோரத்து மெல்லிய வரிசை. அதற்குப் பின்னால் பரந்து கிடப்பது வெண்கண்டல். காடு என்றால் பெரும்பகுதி அதுதான். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அதன் வேர்கள் மேல்நோக்கிக் குத்திட்டு வந்து மூச்சு விடுகின்றன. உப்பு விஷயத்திலும் இரண்டுக்கும் ஒத்துவராது. சுரபுன்னை உப்பில் பெரும்பங்கை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு, இலை வழியாகக் கக்கும். இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். காய்க்கும் விதமும் வேறு. சுரபுன்னையின் முளை மரத்திலேயே நீண்டு தொங்கும். வெண்கண்டல் முளையைத் தோலுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும். சுரபுன்னையிலேயே இரண்டு இனங்கள் தானாகக் கலந்து பிறந்த ஒரு கலப்பினமும் இங்கே உண்டு. அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மரம் தெரியாமல் நாக்கை நீட்டாதீர்கள். தில்லையும் இங்கேதான் நிற்கிறது. அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் பார்வை மங்கும்.

"தமிழ்நாட்டு அமேசான்" என்று தலைப்பு வைப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. ட்ரோனைப் பறக்கவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. வேர் எங்கே தெரியும்? 'இதயக்கனி' எடுத்த இடத்தைப் பார்த்தால் போதும் என்பவர்களையாவது மன்னிக்கலாம். எம்.ஜி.ஆர். மேல் இருக்கும் ஆசை அது. "மரத்தில் வகையே இல்லை" என்று எழுதுகிற மேதாவிகள்தான் மோசம். சுரபுன்னை வரிசையைத் தாண்டாமலே திரும்பியவர்கள் அவர்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பிடித்தது அடர்ந்த பகுதியே இல்லை. ஒரு காலத்தில் மொத்தமாக வெட்டியதில் நிலம் காய்ந்து அமிழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பேறிக் கிடந்த இடங்கள் உண்டு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை உள்ளே வரவிட்டார்கள். அங்கே எழுந்து நிற்பதும் பெரும்பாலும் வெண்கண்டல்தான்.

படகில் ஏறியதும் படகோட்டி அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெண்கண்டல் எங்கே நிற்குது?" சுரபுன்னையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் பிச்சாவரம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.